அஞ்சலாட்சி வீசிய நடுத்தட்டு

அஞ்சலாட்சிக்குப் பிசிறு என்றால் ஆகாது. புடவை முந்தானையில் ஒரு நூல் தொங்கினால் பேசிக்கொண்டே குனிந்து பல்லால் கடித்து எடுத்துவிடுவாள். அது அவளுடைய புடவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருமுறை பேருந்தில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் ஜாக்கெட்டில் தொங்கிய நூலை அப்படி எடுக்கப் போய், நெல்லித்தோப்பு வரும்வரை வசவு வாங்கினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும்போது அந்தப் பெண்ணிடம், "நூலு போச்சா இல்லியா, அத சொல்லு" என்று கேட்டாள்.

இந்தக் குணத்தால்தான் அவளுக்கு வேலை கிடைத்தது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இராமதாஸ் முதலாளி பிளாஸ்டிக் பட்டறை தொடங்கியது எழுபத்தாறில். சோப்பு டப்பா, நெய் டப்பா மூடி, குடத்து மூடி எல்லாம் அங்கே செய்தார்கள். அச்சிலிருந்து சூடாக வெளியே வரும் சாமானின் விளிம்பைச் சுற்றி மெல்லிய தோல் மாதிரி பிளாஸ்டிக் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பிசிறு. அதைப் பிளேடால் வழித்து எடுக்க ஒரு நீள மேசை, ஐந்து பெண்கள். வேலை கேட்டு வந்த அன்று அஞ்சலாட்சி முதலாளிக்கு முன்னால் நின்றபடி, அவர் மேசைமேல் இருந்த சோப்பு டப்பாவை எடுத்து நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை, பிளேடை எடுத்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள். நான் அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் சேர்ந்தேன்.

அவளுடைய அப்பா பஞ்சாலையில் தறிப் பகுதியில் இருந்தவர். அவளை நான்காவது வகுப்போடு நிறுத்தி, வில்லியனூருக்கு அப்பால் கரும்பு போடுகிற குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார். அங்கே ஒன்பது வருடம் தோகை உரித்தாள். பிறகு புருஷன் அம்மாவாசைக்கு டவுனில் அரிசிக் கிடங்கில் இராக்காவல் வேலை கிடைக்க, நெல்லித்தோப்பில் ஓர் அறை எடுத்து வந்தார்கள். காவல்காரர் பகலில் தூங்குவார். அந்த ஓர் அறையில் அவர் தூங்கும்போது பாத்திரம் ஓசைப்படக் கூடாது, கதவு ஓசைப்படக் கூடாது, அஞ்சலாட்சி இருமக் கூடாது. "கட்டிக்கினு வந்ததுலேருந்து அவரு மூஞ்ச நான் தூங்கற மூஞ்சாத்தான் பாத்திருக்கேன். வெளியில பாத்தா அடையாளம் தெரியாது" என்பாள்.

பட்டறையில் அவள் ஓசைப்படலாம். சத்தமாகப் பேசலாம். அதோடு அங்கே மின்விசிறி இருந்தது. மேசைக்கு மேல் ஒரே ஒரு விசிறி; அதற்கு நேர் கீழே ஓர் ஆள்தான் உட்கார முடியும். மூத்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோக, பத்தாவது வருடம் அந்த இடம் அஞ்சலாட்சிக்கு வந்தது. வந்த அன்று எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்தாள்.

மேசையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிசிறு வழித்த மூடியைப் போடுகிற பெரிய மூங்கில் கூடை எதிர்ச் சுவரோரம், பன்னிரண்டு அடி தள்ளி இருந்தது. பக்கத்தில் வைத்தால் மெஷினுக்குப் போகிற வழி அடைபடும். ஒவ்வொரு மூடிக்கும் எழுந்து போனால் ஒரு நாளைக்கு முந்நூறு தடவை எழ வேண்டும். அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே வீசுவோம். மூடியை மார்புக்குக் குறுக்கே இழுத்து, மணிக்கட்டைச் சொடுக்கி விட்டால் அது சுழன்றுகொண்டே போய்க் கூடையில் விழும். "ஒடைஞ்சா யாரு குடுக்கறது?" என்று முதலாளி ஒரு வருடம் கத்திப் பார்த்தார். உடையவில்லை. விட்டுவிட்டார். நாங்கள் எல்லோரும் கூடையைப் பார்த்து வீசுவோம். அஞ்சலாட்சி கூடையைப் பார்க்க மாட்டாள். அடுத்த மூடியைக் கையில் எடுத்துக்கொண்டே, பேசிக்கொண்டே வீசுவாள்.

எண்பத்தேழில், சித்திரை முடிகிற சமயம், முசே ஜானகிராமன் பட்டறைக்கு வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; அவரும் ஆண்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார். வெள்ளைக் கால்சட்டையை நன்றாக மேலே ஏற்றிப் போட்டிருப்பார். அவருடைய மருமகன் பாரிசுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். அந்த மருமகன் ஒரு தட்டும் ஒரு கடிதமும் அனுப்பியிருந்தார். முசே கடிதத்தைப் பிரெஞ்சில் ஒரு வரி படித்து, தமிழில் ஒரு வரி சொன்னார். நான் தேநீர் கொண்டுபோய் வைத்தவள், கோப்பை காலியாகட்டும் என்று அங்கேயே நின்றேன்.

அது ஒரு விளையாட்டாம். தோட்டத்தில், மரங்களுக்கு நடுவில், கம்பத்தில் கூடை கட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து தட்டை வீசிக் கூடையில் விழ வைக்க வேண்டும். தூரமாகப் போகிற தட்டு ஒன்று, கிட்டத்தில் போட ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இந்த நடுத்தட்டைத்தான் புதிதாகச் செய்து தரும்படி மருமகன் கேட்டிருந்தார்.

"பதினெட்டுக் கூடை இருக்கும்" என்றார் முசே.

"பதினெட்டும் ரொம்பணுமா?" என்று கேட்டார் முதலாளி.

"ரொம்பறதில்ல முசே. ஒரு வாட்டிக்கு ஒரு தட்டுதான்."

"ஒரு தட்டுக்குப் பதினெட்டுக் கூடையா?" முதலாளி தேநீரை ஒரு மடக்கு குடித்தார். "சரி. எத்தினி வேணுமாம்?"

முதலில் நானூறு. பிடித்திருந்தால் மாதாமாதம். முசே அந்த மாதிரித் தட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நடு வெயிலில் பழுத்த எலுமிச்சை நிறம். குடத்து மூடியைவிடச் சற்றுப் பெரியது, விளிம்பு கனமாக உள்பக்கம் மடிந்திருந்தது. அந்த மடிப்பின் அடி ஓரத்தில், சுற்றிலும், அரிசி மணி அளவுக்கு ஒரு சின்ன வரப்பு ஓடியது. முசேயின் விரல் அதன்மேல் போய்ப் போய் வந்தது. நான் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலாளி மாதிரித் தட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் பார்த்தால் காப்பியடித்துவிடுவார்களாம். சென்னையில் அச்சு செய்ய ஒரு மாதம் ஆனது. ஆனி பிறந்ததும் மெஷின் ஓட்டுகிற அரிகிருஷ்ணன் அச்சைப் பூட்டினான். தட்டுகள் வந்தன. ஆறும்போது கோணாமல் இருக்க அவற்றின்மேல் கடப்பைக்கல்லை வைத்தோம். ஆறியதும் மேசைக்கு வந்தன.

முதல் தட்டை அஞ்சலாட்சிதான் எடுத்தாள். வெளி விளிம்பை ஒரே சுற்றில் வழித்தாள். பிறகு திருப்பி உள்பக்கம் விரலை ஓட்டினாள். அவள் முகம் மாறியது.

"அரி! அச்சு சரியில்ல போல. அடியில சுத்திக்கினு பிசிறு வருது பாரு."

அரிகிருஷ்ணன் மெஷினை விட்டு வராமலே, "வந்தா வழி. அதுக்குத்தான உன்ன வெச்சிருக்கு" என்றான்.

அவள் வழித்தாள். அந்த வரப்பு சாதாரணப் பிசிறு போல இல்லை, தடிப்பு. தட்டைத் தொடையில் இடுக்கிக்கொண்டு, பிளேடைச் சாய்த்து, சுற்றிச் சுற்றி நான்கு முறை வழித்தால்தான் போகும். போன பிறகு பழைய புடவைத் துணியால் துடைத்து, விரலை ஓட்டிப் பார்த்து, கூடைக்கு வீசினாள். மற்றப் பெண்களுக்கும் அப்படியே வழிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

நான் வழிக்கவில்லை. அந்த வரப்பு மாதிரித் தட்டில் இருந்ததை நான் பார்த்திருந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் மேசையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் என் பங்குக்கு வந்த தட்டுகளில் வெளி விளிம்பை மட்டும் வழித்து, வரப்பை விட்டுவிட்டுக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் அஞ்சலாட்சி கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி வசந்தா வேல இது? கண்ணு தெரியுதா இல்லியா? சீமைக்குப் போற சாமான்டி! அவன் எடுத்துப் பாத்துட்டு, 'புதுச்சேரியில பொம்பளைங்க இல்லியா'ன்னு கேக்க மாட்டான்?"

என் தட்டுகளை எல்லாம் பொறுக்கி அவளே உட்கார்ந்து வழித்தாள். ஆறு மணி சங்கு ஊதிய பிறகும் வழித்தாள். கூடையின் அடியில் விரித்திருந்த சாக்குக்குள் போயிருந்த இரண்டு மட்டும் அவள் கையில் சிக்கவில்லை. நான் அவற்றை எடுத்து என் சோற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது.

எட்டு நாளில் நானூறு தட்டும் முடிந்தன. அட்டைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால் முதலாளி பீரோவைத் திறந்து மாதிரித் தட்டை எடுத்து வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெருமையாகப் பார்த்தார். பிறகு திருப்பிப் பார்த்தார்.

"இதுல ஒரு வரப்பு இருக்குது. இதுல இல்ல."

பெட்டி மடித்துக்கொண்டிருந்த எங்கள் கைகள் நின்றன. மின்விசிறி மட்டும் சுற்றியது.

"அஞ்சலாட்சி, இங்க வா. வெரல வெச்சிப் பாரு."

அவள் மாதிரித் தட்டில் விரலை ஓட்டினாள். "அவங்களும் வழிக்காம அனுப்பிச்சிருக்காங்க மொதலாளி" என்றாள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நானூறும் வழிச்சியா?"

"நானூறும் வழிச்சிட்டேன். கை வைச்சிப் பாருங்க, ஒண்ணுலகூட சொரசொரப்பு கெடையாது."

முசேயை வரவழைத்தார்கள். அவர் இரண்டு தட்டையும் மூக்கருகே வைத்துப் பார்த்தார். கடிதத்தில் வரப்பைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். ஆனால் அனுப்புகிற முன்னால் நூற்றுக்கு ஐந்து தட்டை வீசிப் பார்க்க வேண்டும், கூடையில் விழ வேண்டும், இன்னின்னபடி பறக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆகவே வீசிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்.

"நாளைக்கி உப்பளம் கிரவுண்டுல வீசறோம்" என்றார் முதலாளி. பிறகு அஞ்சலாட்சியைப் பார்த்தார். "சரியா போச்சின்னா பொழைச்ச. இல்லன்னா இந்த மேசையே வேணாம். சாமான வூடு வூடா குடுத்து வழிச்சி வாங்கிக்கறேன். நீ உன் வூட்டுலயே ஒக்காந்து வழி."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். அம்மாவாசை தூங்குகிற அறையில் பிளேடு ஓசைகூடக் கேட்கக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு உப்பளம் கிரவுண்டில் இருந்தோம். முதலாளி, முசே, அரிகிருஷ்ணன், அஞ்சலாட்சி. போகிற தட்டுகளைப் பொறுக்கி வர இன்னோர் ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். எங்கள் பட்டறைக் கூடையையே ஒரு சவுக்குக் கழியில் கட்டி நட்டான் அரிகிருஷ்ணன். கூடைக்கு மேலே சங்கிலிகள் தொங்க வேண்டும், தட்டு அதில் மோதி உள்ளே விழும் என்று கடிதத்தில் இருந்தது. அதற்காக முதலாளி வீட்டு ஊஞ்சலைக் கழற்றிச் சங்கிலியைக் கொண்டுவந்திருந்தார்கள். ஊஞ்சல் பலகை தரையில் கிடப்பதாகவும், வீட்டில் அவரோடு பேச்சு இல்லை என்றும் அரிகிருஷ்ணன் என்னிடம் சொன்னான்.

ஆனி வெயில். மேல்காற்று நின்றுபோய், கடல்காற்று இன்னும் வராத நேரம். புல் நுனி அசையவில்லை.

முதலில் முசே வீசினார். அவர் தினமும் சாயங்காலம் இரும்புக் குண்டு வீசி ஆடுகிறவர். அதே மாதிரி முழங்காலை மடக்கி, கையைக் கவிழ்த்து, தட்டைத் தரையோடு விட்டார். தட்டு பத்தடி போய்க் குப்புற விழுந்தது. "கனம் பத்தல" என்றார். மூன்று முறை வீசினார். மூன்று முறையும் கனம் போதவில்லை.

பிறகு முதலாளி சட்டைக் கையை மடித்தார். கல் எறிவது போலத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தார். தட்டு செங்குத்தாக மேலே ஏறி, கொஞ்சம் யோசித்து, பக்கவாட்டில் சரிந்து, பழைய துறைமுகக் கிடங்கின் கூரைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

"தட்டு சரியில்ல" என்றார் முதலாளி. "தோ பாரு அஞ்சலாட்சி, நீ வழிச்ச லட்சணம்."

அவள் முசே வீசிய தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்றையும் எடுத்தவள், நடந்து போவானேன் என்று நினைத்திருக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்தே கூடைப் பக்கம் விட்டாள். மார்புக்குக் குறுக்கே ஓர் இழுப்பு, ஒரு சொடுக்கு. முதல் தட்டு சங்கிலியில் மோதிச் சலங்கென்று கூடையில் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. அவள் அதற்குள் முதலாளி பக்கம் திரும்பி, "நான் வழிச்சதுக்கு இன்னா கொற?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

முசே தப்படி வைத்து அளந்தார். பதினெட்டுத் தப்படி.

"இன்னும் பின்னால போம்மா" என்றார்.

அவள் பின்னால் போனாள். இருபத்தைந்து தப்படியில் ஐந்து வீசினாள், மூன்று விழுந்தன. நாற்பது தப்படிக்குப் போகச் சொன்னார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அங்கிருந்து வீசிய எதுவும் கூடையில் விழவில்லை. ஆனால் எல்லாமே கோடு போட்ட மாதிரி நேராகப் போய்க் கூடைக்குப் பக்கத்திலேயே இறங்கின.

"வுவாலா! தோ பாரு!" என்றார் முசே.

முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா முசே? வரப்பாவது கிரப்பாவது! பெட்டியில அடுக்கிடலாம். அஞ்சலாட்சி, ஒன் எடத்துல நீ ஒக்காரு, போ."

அரிகிருஷ்ணன் ஊஞ்சல் சங்கிலியை அவிழ்க்கப் போனான். நான் தட்டுகளைச் சாக்கில் போட்டேன். அஞ்சலாட்சி மட்டும் நகரவில்லை. கையில் ஒரு தட்டை வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"முசே, அந்தக் கடுதாசிய இன்னொரு வாட்டி படிங்க. எப்படிப் பறக்கணும்னு போட்டிருக்கு?"

முசே கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "நேராப் போவணும். காத்துல அலையக் கூடாது. கடைசியில, வேகம் கொறையும்போது, எடது பக்கமா கொஞ்சம் சாஞ்சி எறங்கணும்."

"நான் வீசனது சாயலியே."

"கூடையில வுழுந்துச்சில்ல? வுடு" என்றார் முதலாளி.

"சாயணும்னு கேட்டிருக்காங்களே மொதலாளி."

"அடியே, ஒன்ன வேலைய வுட்டு எடுக்கறேன்னு சொன்னது நான். இப்ப எடுக்கலன்னு சொல்றதும் நான். பேசாம வா."

அப்போதுதான் கடல்காற்று வந்தது. முதலில் முசேயின் கையிலிருந்த கடிதம் படபடத்தது. பிறகு எங்கள் முந்தானைகள். அஞ்சலாட்சி காற்றுக்கு எதிரே, கடல் பக்கமாகத் திரும்பி நின்று கையிலிருந்த தட்டை வீசினாள். அது நேராகக் கிளம்பியது. பாதி தூரம் போனதும் வலது பக்கம் கவிழ்ந்தது. கவிழ்ந்தது திரும்பவே இல்லை. அப்படியே ஓடி வேலிக்கு வெளியே போய்விட்டது. இன்னொன்று வீசினாள். அதுவும் அதே வழியில் போனது. நான் இரண்டையும் எடுத்து வர ஓடினேன்.

திரும்பி வரும்போது என் சோற்றுப் பை ஞாபகம் வந்தது. அதைக் கொண்டுவந்திருந்தேன். பேசுவதைவிடக் கொடுப்பது சுலபம். எடுத்து வந்த இரண்டு தட்டோடு, வரப்பு வழிக்காத என் தட்டு ஒன்றை மேலே வைத்து அவள் கையில் கொடுத்தேன்.

அவள் பார்க்காமலே எடுத்து வீசினாள். தட்டு காற்றுக்குள் போனது. கவிழவில்லை. யாரோ கீழே கை வைத்துத் தாங்கிக்கொண்டு போவது போல நேராகப் போய், வேகம் அடங்கியதும், இடது பக்கமாக மெல்லச் சாய்ந்து புல்லில் உட்கார்ந்தது.

அஞ்சலாட்சி அது கிடந்த இடத்துக்கு நடந்து போனாள். எடுத்தாள். திருப்பி விரலை ஓட்டினாள். அங்கேயே நின்று என்னைப் பார்த்தாள்.

"இது யாரு கை?"

"எங்கைதான் யக்கா."

"வழிக்கலியா?"

"இல்ல."

"மாதிரில வரப்பு இருந்துச்சின்னு உனுக்குத் தெரியுமா?"

"பாத்தேன்."

"ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"நீ கேக்கலியேக்கா."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. இன்னொரு முறை அதே தட்டை வீசினாள். அதே மாதிரி போய், அதே மாதிரி சாய்ந்தது. வழித்ததில் ஒன்றை வீசினாள். வேலிக்கு வெளியே போனது. அவளுக்கு இனிமேல் வீசிப் பார்க்க எதுவும் இல்லை.

முதலாளி தூரத்தில் ரிக்‌ஷாக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் இதையெல்லாம் பார்க்கவில்லை. முசே மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் தட்டுகள் அன்றைக்கே பெட்டிக்குள் போயிருக்கும். அவள் இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். கப்பல் போய்ச் சேர்ந்து, யாரோ வீசி, கடிதம் எழுதி வர ஆறு மாதம் ஆகும். இதை நான் நினைத்தேன். அவளும் நினைத்திருப்பாள். அவள் முகத்தில் பார்த்தது, மேசையில் ஒரு மூடியை வழித்து முடித்த பிறகு இன்னும் ஓர் இடத்தில் விரல் தட்டினால் வருகிற முகம்.

நேராக முதலாளியிடம் போனாள்.

"மொதலாளி, நான் வழிச்சது தப்பு. வரப்பு இருந்தாத்தான் அவங்க கேட்ட மாதிரி போவுது. நானூறும் ஆவாது."

முதலாளி ரிக்‌ஷாவில் ஒரு காலை வைத்திருந்தார். அந்தக் காலை இறக்கவில்லை. "நான் கேட்டனா?"

"இல்ல."

"முசே கேட்டாரா?"

"இல்ல. நானே சொல்றேன். வீசிக் காட்டட்டுமா?"

"வேணாம்." அவர் ரிக்‌ஷாவின் கூண்டைப் பார்த்தார். "எட்டு நாளு, அஞ்சு பேரு. நேத்து இன்னா சொன்னேன்? வூட்டுக்குப் போ. மேசையும் வேணாம், நீயும் வேணாம். போ."

அவள் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "சரி. அந்த அச்சுல வெளி வெளிம்பு மட்டுந்தான் வழிக்கணும்னு மத்தவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றாள். பிறகு கிளம்பினாள்.

முசே தன் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பட்டாளத்துக்காரர் ஆகையால் அவர் எதையும் அவசரமாகச் செய்ய மாட்டார்.

"முசே இராமதாஸ், தட்ட திருப்பி அரைச்சி ஊத்திக்கலாம் இல்ல?"

"அரைச்சிக்கலாம். அத பத்தி இல்ல."

"புது தட்டு வந்தா நூத்துக்கு அஞ்சு வீசிப் பாக்கணும். நா வீசட்டுமா?"

முதலாளி ரிக்‌ஷாவிலிருந்து காலை இறக்கினார்.

"இல்ல, நீங்க வீசறீங்களா?"

முதலாளி தலையைத் தூக்கிக் கிடங்குக் கூரையைப் பார்த்தார். அங்கே அவருடைய தட்டு மஞ்சளாகத் தெரிந்தது. வெகு நேரம் பார்த்தார். அஞ்சலாட்சி கிரவுண்டு வாசலைத் தாண்டப் போகிற சமயத்தில் அரிகிருஷ்ணனிடம், "அவள திங்கக்கெழம வரச் சொல்லு" என்றார். "நேரத்தோட வரச் சொல்லு."

திங்கட்கிழமை அவள் நேரத்தோடு வந்தாள். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது தட்டையும் அவளே அரைக்கும் மெஷினில் ஒவ்வொன்றாகப் போட்டாள். வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. ஒவ்வொன்றையும் போடும் முன்னால் விளிம்பில் விரலை ஓட்டினாள். அது முடிய மதியம் ஆனது. பிறகு குருணையைச் சாக்கில் கட்டி அரிகிருஷ்ணனிடம் கொடுத்துவிட்டு, விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தாள்.

புதுத் தட்டுகளில் அவள் வரப்பைத் தொடவில்லை. அது அவளுக்குச் சுலபமாக இல்லை. வெளி விளிம்பை வழித்ததும் தட்டைத் திருப்பாமல், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, உடனே கூடைக்கு வீசிவிடுவாள். அப்படியும் சில நாள் கை தானாக உள்ளே போய்விடும். "வசந்தா, எங்கையத் தட்டுடி" என்பாள். நான் தட்டுவேன்.

சனிக்கிழமைதோறும் சாக்கில் தட்டுகளைக் கட்டிக்கொண்டு அவளும் நானும் ரிக்‌ஷாவில் உப்பளம் போவோம். கடல்காற்று வரும்வரை காத்திருந்து அவள் வீசுவாள், நான் பொறுக்குவேன். முதலாளி வீட்டுக்கு ஊஞ்சல் திரும்பிப் போய்விட்டது. எங்களுக்குக் கிணற்றுச் சங்கிலி வாங்கிக் கொடுத்தார்கள். பக்கத்தில் இரும்புக் குண்டு ஆடும் பெரியவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு எங்களைக் கவனிக்கவில்லை. அம்மாவாசை ஒரு சனிக்கிழமை தூக்கத்திலிருந்து எழுந்து, "சனிக்கெழமைல எங்கதான் போற?" என்று கேட்டாராம். "தட்டு வீசப் போறேன்" என்றாளாம். அவர் திரும்பப் படுத்துக்கொண்டாராம்.

ஒருநாள் முசேயிடம் அவள் கேட்டாள்: "கூடையில வுழுந்ததும் இன்னா பண்ணுவாங்க?"

"எடுத்துக்கினு அடுத்த கூடைக்குப் போவாங்க."

"அங்க?"

"அங்கயும் வீசுவாங்க. பதினெட்டு முடிஞ்சா வூட்டுக்குப் போவாங்க."

"யாரு கூலி குடுக்கறது?"

"கூலி கெடையாதும்மா. லீவு நாளுல போவாங்க. அவங்கதான் டிக்கெட்டு வாங்கணும்."

அவள் தட்டுகளை எண்ணிச் சாக்கில் கட்டினாள். ரிக்‌ஷாவில் வரும்போது, "நல்லா இருந்துட்டுப் போவட்டும்" என்றாள்.

எண்பத்தொன்பது முடியும்வரை அந்த வேலை இருந்தது. பிறகு மருமகன் கடையில் செருப்பு விற்க ஆரம்பித்துவிட்டார் என்று முசே சொன்னார். அச்சைக் கழற்றி எண்ணெய் தடவி மூலையில் வைத்தார்கள். மேசைக்கு மறுபடியும் நெய் டப்பா மூடிகள் வந்தன. அஞ்சலாட்சி இன்றைக்கும் விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் வழித்த நானூறில் அரைபடாமல் மிஞ்சியது ஒன்றுதான். அது கிடங்குக் கூரைமேல் இருக்கிறது. சனிக்கிழமைகளில் போனபோதெல்லாம் வீச ஆரம்பிக்கும் முன்னால் அவள் கண்ணுக்குமேல் கையை வைத்து அண்ணாந்து பார்ப்பாள். இரண்டு மழைக்காலம் போய் நிறம் வெளுத்திருந்தது.

"அங்கேருந்தே தெரியுது பாரு வெளிம்பு" என்பாள். "எவ்ளோ சுத்தம்."